குழாயின் மறுமுனை

வென்டிலேட்டர் என்கிற மூச்சுப் பெட்டி பார்ப்பதற்குத்தான் மிரட்டும். அதன் வேலை மிக எளியது. காற்றைத் தள்ளும், நிறுத்தும். தள்ளும்போது நெஞ்சு எழும். நிறுத்தும்போது நெஞ்சு தானாக அமுங்கிக் காற்றை வெளியே விடும். உடம்பு மூச்சு வாங்குவது இதற்கு நேர் எதிர். விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கும் தசை கீழே இறங்கும், உள்ளே இடம் பெரிதாகும், காற்று தானே வந்து நிரம்பும். நாம் இழுக்கிறோம், பெட்டி தள்ளுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

என் மனைவிக்கு ஒன்பது நாட்களாகப் பெட்டி தள்ளிக்கொண்டிருந்தது. சாதாரண இருமலில் ஆரம்பித்துக் காய்ச்சலாகி, இரண்டு நுரையீரலிலும் சளி கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவின் நான்காம் படுக்கைக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஏழாம் நாள் மருத்துவர் ஒரு சோதனை வைத்தார். பெட்டி தள்ளுவதைக் குறைத்துவிட்டு அவளாக அரை மணி நேரம் மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பது. எட்டே நிமிடத்தில் திணறிவிட்டாள். மறுபடியும் பெட்டிக்கே விட்டார்கள்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இன்னொரு தடவை பார்ப்போம்" என்று ஒன்பதாம் நாள் மருத்துவர் சொன்னார். "அரை மணி நேரம் தாங்கிட்டாங்கன்னா குழாயை எடுத்துடலாம். தாங்கலைன்னா கழுத்துல சின்னதா ஒரு துளை போட்டு, அது வழியா குழாய் வைக்க வேண்டியிருக்கும். வாய்ல இதுக்கு மேல ரொம்ப நாள் வைக்கக் கூடாது."

நான் ஏசி, பிரிட்ஜ் மெக்கானிக். இருபத்தாறு வருடத் தொழில். ஓடாததை ஓட வைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. மருத்துவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுப் படுக்கை அருகே போய் நின்றேன். பார்வையாளர் நேரம் பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை.

அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தேன்.

பெட்டியிலிருந்து வரும் காற்று அப்படியே உள்ளே போனால் நுரையீரல் காய்ந்துவிடும். நமக்கெல்லாம் மூக்கு அந்தக் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புகிறது. அவளுக்கு மூக்கைத் தாண்டித் தொண்டைக்குள்ளேயே குழாய் போவதால், வழியில் ஒரு சின்ன வெந்நீர்க் கிண்ணம் வைத்து அதன் மேலே காற்றை ஓட்டுகிறார்கள். ஈரக் காற்று குளிர்ந்த அறையில் கிடக்கும் குழாய்க்குள் போகும்போது சுவரில் துளி கட்டும். ஏசியின் உள்சுருளில் தண்ணீர் கட்டுவதும் இதே கணக்குதான். துளிகள் சேர்ந்து குழாயின் தொய்வான இடத்தில் ஒரு கையளவுத் தண்ணீராக நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் களக், களக் என்றது.

ஒன்பது நாட்களில் எனக்குப் புரிந்த முதல் கோளாறு அது. சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும். குழாயின் நடுவில் தண்ணீரைப் பிடித்துவைக்க ஒரு குப்பி தொங்கிக்கொண்டிருந்தது. தொய்வைத் தூக்கிவிட்டால் தண்ணீர் குப்பிக்குப் போய்விடும். வீடுகளில் ஏசி உள்ளே ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் நான் செய்கிற முதல் வேலை அதுதான். குழாயைத் தூக்கி வாட்டம் சரிசெய்வது.

தூக்கினேன்.

பாதித் தண்ணீர் குப்பிக்குப் போனது. மீதிப் பாதி இன்னொரு பக்கம் போனது. என் தொழிலில் குழாயின் இரண்டு முனையிலும் இயந்திரம்தான் இருக்கும். இங்கே ஒரு முனையில் என் மனைவி இருந்தாள்.

அவள் உடம்பு தூக்கிப் போட்டது. சத்தமே வராத ஓர் இருமல். குழாய் இருக்கும்போது இருமினால் சத்தம் வராது, முகம் மட்டும் இருமும். பெட்டி அலறியது. திரையில் தொண்ணூற்று நாலாக இருந்த ஆக்சிஜன் தொண்ணூறு, எண்பத்தேழு, எண்பத்து மூன்று என்று இறங்கியது.

"கையை எடுங்க! கையை எடுங்கன்னு சொல்றேன்ல!"

சிஸ்டர் என்னைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டுக் குழாயைக் கீழே சாய்த்தார். மெல்லிய இன்னொரு குழாயை உள்ளே விட்டுத் தண்ணீரை உறிஞ்சினார். நான் சுவரோடு சுவராக நின்றேன். நான்கு நிமிடம். எண் மறுபடி தொண்ணூற்று மூன்றுக்கு ஏறியது.

"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏசி மெக்கானிக், சிஸ்டர்."

"நினைச்சேன். மத்தவங்க பயந்துகிட்டு ஒதுங்கி நிப்பாங்க. மெக்கானிக்தான் தெரிஞ்ச மாதிரி கை வைப்பார். போன மாசம் ஒரு எலெக்ட்ரீஷியன் ப்ளக் லூஸா இருக்குன்னு ஆட்டிப் பார்த்தார்." அவர் குரலில் கோபம் தணியவில்லை. "இன்னைக்கு சாயங்காலமும் நாளைக்குக் காலையிலயும் நீங்க உள்ள வரக் கூடாது. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாருங்க. டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும் நான்."

"சொல்லுங்க சிஸ்டர். சொல்லணும்."

வெளியே வந்தேன். கையைப் பார்த்துக்கொண்டேன். பிடிப்பதற்கு ஒரு ஸ்பேனர்கூட இல்லாத கை.

காத்திருப்பு அறையில் பன்னிரண்டு நாற்காலிகள். அவற்றில் ஜன்னலோரம் இருந்தது பிளாஸ்க் அக்காவுடையது. தையல்காரி. ஏழாம் படுக்கையில் அவருடைய கணவர், இருபத்து மூன்றாவது நாள். எப்போதும் மடியில் யாருடைய பாவாடையாவது இருக்கும், ஓரம் தைத்துக்கொண்டே இருப்பார். காலடியில் எவர்சில்வர் பிளாஸ்க். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் இருபத்து மூன்று நாள் அனுபவத்தில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் அக்கா.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?"

சொன்னேன். தைத்துக்கொண்டே கேட்டார். ஊசியை நிறுத்தவில்லை.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நம்பர் ஏறிடுச்சு. ஆனா நாளைக்குச் சோதனை இருக்கு. என்னால கெட்டுப் போயிடுமோன்னு..."

"டீ குடிங்க."

"வேண்டாம்க்கா."

"வேணுமான்னு கேக்கலை. குடிங்கன்னு சொன்னேன்."

குடித்தேன். பாதி டம்ளரில் கைபேசி அடித்தது. மைத்துனன். என் மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வேன் ஓடாத நேரத்தில் எங்கள் கடைத் தொலைபேசியை அவளுக்குப் பதில் அவன்தான் எடுத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, காலையிலேர்ந்து அஞ்சு கம்ப்ளைன்ட். அஞ்சு பேருக்கும் கேஸ் போயிடுச்சாம்."

"கேஸ் போச்சுன்னு யார் சொன்னது?"

"அவங்கதான்."

"அவங்க சொல்லுவாங்க மாப்ளே. உலகத்துல எல்லா ஏசிக்கும் கேஸ்தான் போகும். நீ என்ன நடக்குதுன்னு கேட்டியா? காத்து வருதா, சத்தம் வருதா, தண்ணி ஒழுகுதான்னு?"

"அதெல்லாம் அக்காதானே கேட்கும்" என்றான். பிறகு கேட்டான், "எப்படி மாமா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கா. நாளைக்குப் பத்து மணிக்கு வா."

குழாய் விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை.

மாலைப் பார்வை நேரத்தில் எல்லோரும் உள்ளே போனார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். திரையின் எண்கள் அங்கிருந்து தெரியும், அவள் முகம் தெரியாது. பாதி நேரத்தில் ஒரு சிப்பந்தி வந்து, சுத்தம் செய்ய வேண்டும் என்று திரைச்சீலையை இழுத்துவிட்டார். எனக்கு எண்களும் இல்லை.

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பிரார்த்தனை அறை உண்டு. எந்தச் சாமி, எந்தப் படம் என்று எதுவும் இருக்காது. வெள்ளைச் சுவர், ஆறு நாற்காலி, ஒரு மேஜை விளக்கு. யாரும் வரலாம். ஒன்பது நாட்களாக அதைக் கடந்துதான் கழிப்பறைக்குப் போய்வந்தேன். அன்று உள்ளே போனேன்.

எனக்குக் கும்பிட வராது. வீட்டில் அது அவளுடைய இலாகா. காலையில் கடைக்குக் கிளம்புமுன் அடுப்படியில் ஜன்னலைப் பார்த்துக் கண்ணை மூடி இரண்டு நிமிடம் நிற்பாள். நான் வெளியே ஸ்கூட்டரைக் கிளப்பிவைத்துக்கொண்டு உறுமவிடுவேன். என்ன சொல்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். உடனே ஒரு சத்தம் கேட்டது. கீச், கீச், கீச். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தேன். காற்று வரும் ஜாலி மூடியில் தூசி கறுப்பாகப் படிந்திருந்தது. உள்ளே விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கிறது. தண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கம் சாய்கிறது, அதனால் சீரான இடைவெளியில் கீச். நாற்காலியை ஜாலிக்குக் கீழே இழுத்துப்போட்டு ஏறிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"கும்பிட வந்தீங்களா, சர்வீஸ் பண்ண வந்தீங்களா?" பிளாஸ்க் அக்கா.

"பேரிங் போயிருக்குக்கா. சத்தம் கேக்கலையா உங்களுக்கு?"

"மூணு வாரமா அந்தச் சத்தத்துலதான் நான் பேசிட்டிருக்கேன். கேக்க வேண்டியவருக்குக் கேக்குது. உங்களுக்குத்தான் இடைஞ்சலா இருக்கா?"

கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "இதென்ன பரீட்சையா, பக்கத்துல இருக்கறவருக்குக் காட்ட? போங்க தம்பி, உங்களுது நீங்க எழுதுங்க."

எழுதிப் பார்த்தேன். மனதுக்குள் இப்படி ஆரம்பித்தேன்: வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் சளி இருக்கிறது, அதை இளக்கிக் கொடு. மூச்சுத் தசை ஒன்பது நாள் சும்மா கிடந்து பலம் இழந்திருக்கிறது, அதற்கு வலு கொடு. தூக்க மருந்து நாளை காலைக்குள் முழுதாக வடியட்டும். இரத்தத்தில் உப்பு குறைகிறது என்றார்கள், அதையும் பார். கேட்டதெல்லாம் சரியான விஷயங்கள்தான், எல்லாம் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே எரிச்சலாக வந்தது. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

தினமும் கேட்கும் குரல்தான். "கேஸ் போயிடுச்சு, வந்து நிரப்பிட்டுப் போங்க" என்கிற குரல்.

எங்கள் கடையில் புகார் எழுதும் நோட்டு ஒன்று உண்டு. எழுதுவது அவள். மூன்று கட்டங்கள் போட்டிருப்பாள். யார், எங்கே, என்ன நடக்கிறது. காரணம் எழுத இடம் கிடையாது. வாடிக்கையாளர் என்ன காரணம் சொன்னாலும் எழுத மாட்டாள். "கேஸ் போச்சோ, கம்ப்ரஸர் போச்சோ, அதை அவர் வந்து பார்த்துக்குவார். நீங்க என்ன பார்த்தீங்க, என்ன கேட்டீங்க, அதைச் சொல்லுங்க" என்பாள். அதில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. காரணத்தை முதலிலேயே தலையில் ஏற்றிக்கொண்டு போகிற மெக்கானிக், இருக்கிற கோளாறைப் பார்க்க மாட்டான், சொல்லப்பட்ட கோளாறைத்தான் பார்ப்பான். கடை ஆரம்பித்த புதிதில் நான் அவளிடம் கேட்டேன், ஏன் என்று ஒரு கட்டம் போடக் கூடாதா என்று. "ஏன்னு அவங்களுக்கே தெரிஞ்சா உங்களை எதுக்குங்க கூப்பிடப்போறாங்க?" என்றாள்.

மறுபடி கண்ணை மூடினேன். அவள் எழுதுகிற மாதிரியே சொன்னேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவு, நாலாம் படுக்கை. நாற்பத்தொன்பது வயது. தானாக மூச்சு விட முடியவில்லை. ஒன்பது நாளாகக் கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை. இன்று காலை நான் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டேன். நாளை பத்து மணிக்குச் சோதனை. எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. வந்து பாருங்கள்.

அவ்வளவுதான். பதில் ஒன்றும் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. பேரிங் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் காலையிலிருந்து காதுவரை ஏறி இறுகியிருந்த தோள்பட்டை இரண்டும் ஓர் அங்குலம் இறங்கின. புகார் கொடுத்த வாடிக்கையாளர்களின் குரலில் இதைக் கேட்டிருக்கிறேன். இயந்திரம் ஓட ஆரம்பித்திருக்காது, வீடு வெந்துகொண்டுதான் இருக்கும். ஆனாலும் அவள் "எழுதிக்கிட்டேன்" என்று சொன்ன மறுநொடி அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வரும்.

மறுநாள் ஒன்பதரைக்கே மைத்துனன் வந்துவிட்டான். சட்டையில் சாக்பீஸ் தூள். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வேனோடு வந்திருந்தான். அவனிடம் குழாய் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"வீட்டு மிக்ஸியையே அக்கா உங்களைத் தொட விடாது மாமா" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை.

பத்து மணிக்கு மருத்துவர் வந்தார். கண்ணாடி வழியே என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பெட்டியில் இரண்டு மூன்று பொத்தான்களை அழுத்தினார். சிஸ்டர் தலைமாட்டை உயர்த்தினார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது. சோதனையில் பெட்டி முழுதாக விலகிவிடாது. அவள் இழுக்கும்போது மட்டும், குழாயின் தடையைச் சமாளிக்கிற அளவுக்குச் சின்னதாக ஒரு கை கொடுக்கும். மற்றதெல்லாம் அவள் பாடு.

"மாமா, எந்த நம்பரைப் பார்க்கணும்?"

"ரெண்டு நம்பர் பாரு. மேல இருக்கிறது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. கீழ இருக்கிறது ஒரு மூச்சுல எவ்வளவு காத்து."

இருபத்திரண்டு. முந்நூற்று எண்பது மில்லி.

"நல்லாயிருக்கா?"

"நல்லாயிருக்கு. கீழ் நம்பர் குறையாம இருக்கணும். ஏன்னா எந்த மூச்சா இருந்தாலும் முதல் நூத்தம்பது மில்லி வழிச்செலவு. தொண்டை, குழாய், அதையெல்லாம் நிரப்பவே அது போயிடும். நுரையீரலுக்குப் போய்ச் சேர்றது மிச்சம்தான். இப்ப இருநூத்து முப்பது சேருது. அதை இருபத்திரண்டால பெருக்கு. நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர்."

பத்தாம் நிமிடம். இருபத்தேழு. முந்நூற்றுப் பத்து.

"குறையுதே மாமா."

"கொஞ்சம் குறையும். பரவாயில்லை."

பதினாறாம் நிமிடம். முப்பத்து மூன்று. இருநூற்று நாற்பது. கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு புடைத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் தூக்கிப் போட்டது. கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்க்கிறாளா, கூரையைப் பார்க்கிறாளா என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை.

நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நாலாம் படுக்கை. மூச்சு வேகமாகுது. தோள் தூக்குது. வந்து பாருங்க. காரணம் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த காரணங்களை எல்லாம் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

இருபத்தோராம் நிமிடம். முப்பத்தெட்டு. இருநூறு.

மைத்துனனின் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறான். இருநூறில் நூற்றைம்பது போக ஐம்பது. ஐம்பதை முப்பத்தெட்டால் பெருக்கினால் இரண்டு லிட்டர்கூட வரவில்லை. இத்தனை பாடுபட்டு, இத்தனை வேகமாக இழுத்து, முன்னால் சேர்ந்ததில் பாதிகூட உள்ளே சேரவில்லை.

"நீங்க இதை எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம் மாமா" என்றான். "இப்ப எனக்கும் புரியுது."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்து மூன்றாம் நிமிடம் மருத்துவர் சிஸ்டரைப் பார்த்தார். மறுபடி பொத்தான்களை அழுத்தினார். பெட்டி தள்ள ஆரம்பித்தது. நெஞ்சு எழுந்தது, அமுங்கியது. கழுத்து நரம்பு மெல்ல அடங்கியது. அவள் கண் மூடிக்கொண்டது.

மருத்துவர் வெளியே வந்தார். இளைஞர். இரண்டு நாளாகத் தூங்காதவர் போல இருந்தார்.

"போன தடவை எட்டு நிமிஷம், இன்னைக்கு இருபத்து மூணு. நுரையீரல் மோசமாகலை. ஆனா தசைக்கு வலு பத்தலை. நாளைக்குக் கழுத்துல துளை போட்டுடலாம்னு நினைக்கிறேன். அந்தக் குழாய் குட்டையா இருக்கும். மூச்சு விடறது சுலபம். தூக்க மருந்தும் குறைச்சுடலாம்."

"வழிச்செலவு குறையும்" என்றேன்.

"என்னது?"

"ஒண்ணுமில்லை டாக்டர். நேத்து நான் உள்ள விட்ட தண்ணி... அதனாலதானா?"

அவர் திரும்பிக் கண்ணாடி வழியே நாலாம் படுக்கையைப் பார்த்தார். அதற்காகவே அவரை நம்பினேன்.

"அதனால இல்லை. அது வராம இருந்திருந்தாலும் இன்னைக்கு முடிஞ்சிருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா அது உதவலை. உண்மையைக் கேட்டீங்க, சொல்றேன்."

"திரும்பி வந்துருவாளா?"

"தெரியலைங்க. வாரக்கணக்காகும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதினேன். எழுத்து அவள் கையெழுத்தைப் போல ஒழுங்காக வரவில்லை.

மைத்துனன் என்னை வேன்வரை இழுத்துக்கொண்டு போனான். குட்டிக் குட்டி இருக்கைகள். இருவரும் முழங்காலை மடித்து எதிரெதிரே உட்கார்ந்தோம். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டவன் திடீரென்று கேட்டான்.

"நீங்க கும்பிட்டீங்களாமே? பிளாஸ்க் அக்கா சொன்னாங்க."

"ம்."

"கும்பிட்டுமா இப்படி?"

"மெக்கானிக் வந்துட்டுப் போன அன்னைக்கே எல்லா மெஷினும் ஓடிடுதா? சிலதுக்குப் பார்ட்ஸ் வரணும்."

"சாமிக்குமா மாமா பார்ட்ஸ் ஸ்டாக் இல்லை?"

"தெரியலைடா." உண்மையாகவே தெரியவில்லை. வந்தாரா, வந்து பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டாரா, இன்னும் வழியில்தான் இருக்கிறாரா, எதுவும் தெரியவில்லை. கோபம் வரும் என்று நினைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. வந்தது வேறொன்று. சோதனை தோற்ற அந்த நிமிடத்திலும் நான் சொல்வதை நிறுத்தவில்லை என்பது ஞாபகம் வந்தது. பெட்டி மறுபடி தள்ள ஆரம்பித்தபோதும், மருத்துவர் பேசிக்கொண்டிருந்தபோதும், கையெழுத்துப் போட்டபோதும் உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றாமல் ஒருவன் இவ்வளவு நேரம் பேச மாட்டான். எனக்கு எட்டிய நம்பிக்கை அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு வேனை விட்டு இறங்க முடிந்தது.

மாலை ஐந்து மணிக்குக் கண்ணாடியருகே போய் நின்றேன். சிஸ்டர் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க."

"வரலாமா?"

"டாக்டர் சொல்லிட்டார். கையைக் கழுவிட்டு வாங்க. குழாய், ஒயர், பொத்தான் எதையும் தொடக் கூடாது. சுவத்துல இருக்கிற சுவிட்சுகூட."

கழுவினேன். படுக்கையருகே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி. அவள் முகம் வீங்கியிருந்தது. குழாயைக் கட்டிய பட்டை கன்னத்தில் பதிந்திருந்தது. நெஞ்சு எழுந்தது, அமுங்கியது.

சிஸ்டர் என்னை இரண்டு தடவை கடந்து போனார். மூன்றாம் தடவை ஒரு சிறிய டியூபை என் முன் நீட்டினார்.

"இதைப் பிடிங்க. குதிகால்ல தடவுங்க. நாள் பூரா ஒரே இடத்துல அழுத்திட்டே இருந்தா அங்க ரத்தம் ஓடாது, புண்ணாகிடும். வட்டமா, மெதுவா. அழுத்தித் தேய்க்கக் கூடாது. தடவினதும் காலைத் தலையணை மேல வச்சுடுங்க, குதிகால் எதுலயும் படாம. இது நீங்க செய்யலாம்."

படுக்கையின் கால்மாட்டுக்குப் போனேன். போர்வையை விலக்கினேன். இடது காலைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். எதிர்பார்த்ததைவிட கனமாக இருந்தது. தூங்குகிறவர்களின் கால் அப்படித்தான், தசை தன் பங்கைச் சுமக்காது. குதிகாலில் வெடிப்புகள். கடையின் சிமெண்டுத் தரையில் செருப்பில்லாமல் நடந்து நடந்து வந்தவை. இருபத்து நாலு வருடம் கூடவே வாழ்ந்தும் அவள் குதிகாலை நான் கையில் வைத்துப் பார்த்ததில்லை.

களிம்பு சில்லென்றிருந்தது. முதலில் என் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். பிறகு வட்டமாக, மெதுவாக. ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் போகும்படி. நாலாம் படுக்கை, இடது கால் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. பெட்டி தள்ளியது, நிறுத்தியது. அந்தத் தாளத்துக்கே என் கட்டைவிரலும் சுற்றுவதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

இடது குதிகாலை முடித்துத் தலையணையில் வைத்தேன். வலது காலைத் தூக்கும்போது மணி அடித்தது. மற்ற படுக்கைகளிலிருந்து ஆட்கள் கிளம்பினார்கள். ஏழாம் படுக்கையிலிருந்து பிளாஸ்க் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். சிஸ்டர் கதவருகே நின்று எல்லோரையும் அனுப்பிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது.

"நேரம் முடிஞ்சுது சார்."

"இன்னும் ஒரு கால் இருக்கு, சிஸ்டர்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் கையில் இருந்த காலைப் பார்த்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஐந்தாம் படுக்கையின் தாளில் எதையோ எழுத ஆரம்பித்தார்.